காப்பி மட்டும் குடித்த பிள்ளைக்கு

அய்யா உண்டு

அஞ்சுகிராமம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சுபிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை ஞாயிற்றுக்கிழமையோடு எனக்குப் போய்விட்டது. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா, வைக்கட்டாம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ராஜையன் அண்ணன் வியாழக்கிழமை மகனைப் பார்க்கச் சென்னைக்கு ரயிலேறுகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். பாதியில் மடக்கி வைக்காமல் முழுவதும் வாசி.

ஞாயிறு காலை நான் கூப்பிட்டபோது உன் போனை எடுத்தது உன்கூட அறையில் இருக்கும் தர்மபுரிப் பிள்ளை கோகிலவாணி. நீ குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னாள். நான் எப்போதும்போல, அவ காப்பி குடிச்சாளா மக்கா என்று கேட்டேன். அதற்கு அவள், காப்பி மட்டும்தான் ஆன்ட்டி குடிக்கிறா, டிபன் சாப்பிடறதே இல்ல, வெள்ளிக்கிழமை லைப்ரரி படியில மயங்கி விழுந்துட்டா, நீங்களாவது சொல்லுங்க என்றாள். ஆறு வாரப் பயிற்சிக்கென்று நீ போய் நாலு வாரம் ஆகிறது, தினமும் காலையில் காப்பி குடிச்சியா மக்கா என்று நான் கேட்கிறேன், குடிச்சாச்சும்மா என்று நீ சொல்கிறாய், நானும் நிம்மதியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் உலை வைக்கிறேன். ஏட்டி, நம் ஊரில் காப்பி குடிச்சியா என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? இட்லியோ, தோசையோ, புட்டும் பயறுமோ, காலையில் வயிற்றுக்குப் போகிற எல்லாம் அதற்குள் அடக்கம். கலியாண வீட்டில் வாங்க காப்பி குடிக்கலாம் என்று கூப்பிட்டு வெறும் டம்ளரையா நீட்டுவார்கள்? தர்மபுரிப் பிள்ளைக்கு அது தெரியாது, அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டாள். உனக்கு நன்றாகத் தெரியும், அதில்தான் ஒளிந்துகொண்டாய். கேட்டால் பொய் சொல்லவில்லையே என்று சாதிப்பாய், ஒரு டம்ளர் காப்பி குடித்தது உண்மைதானே! பரீட்சைக்குப் படிக்கப் போன புத்தியை அம்மாவை ஏமாற்றவா செலவு செய்தாய்? வந்த வெப்ராளத்திலும் பதற்றத்திலும் அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன், அப்பா மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

நான் நாற்பத்தொரு பிள்ளைகளுக்குச் சத்துணவு சமைக்கிறவள். எவன் முட்டையை மிச்சம் வைத்தான், எவளுக்கு முகம் வாடியிருக்கிறது என்று அடுப்படியில் நின்றே சொல்லிவிடுவேன். என் வயிற்றில் பிறந்தது ஒரு மாசமாய்க் காலையில் பட்டினி கிடந்தது எனக்குத் தெரியவில்லை. நேற்று மூன்றாம் வகுப்புச் சின்னது ஒன்று பயறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளியது, நான் போட்ட சத்தத்தில் பெமிலா டீச்சர் ஓடி வந்துவிட்டார். அந்தக் குழந்தை மேல் எனக்கு என்ன கோபம்? எல்லாம் உன் மேல் உள்ளதுதான்.

நேற்று உன்னைப் பிடித்துக் கேட்டதற்கு, ஒரு நாளைக்கு இருநூறு ரூபாயில சென்னையில மூணு நேரம் எப்படிம்மா சாப்பிட முடியும், உனக்கு இதெல்லாம் தெரியாது என்றாய். எனக்கா தெரியாது? ஒரு பிள்ளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுப்பதை வைத்து இத்தனை வருஷம் வயிறு நிறைக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? உன் விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி அம்மா உணவகம் இருக்கிறதாம், அங்கே வரிசையில் நிற்க உனக்கு வெட்கமாம், கோகிலவாணி சொன்னாள். அரசாங்கச் சோறு உனக்குக் கேவலமா? அரசாங்கச் சோறு வடித்த கைதான் உன்னைக் காலேஜ் வரை படிக்க வைத்தது. நீயே எட்டாம் வகுப்பு வரை என் கையால் அந்தத் தட்டில் வாங்கித் தின்றவள்தான். இப்போது எழுதப்போவதும் அரசாங்க வேலைக்குத்தானே, அந்தச் சம்பளம் மட்டும் இனிக்குமோ? இதை வாசித்த மறுநாளிலிருந்து காலையில் அங்கே போ, இட்லியோ பொங்கலோ சூடாக வயிறு நிறையச் சாப்பிடு. மத்தியானத்துக்கு அளவுச் சாப்பாடு போடுகிற நல்ல மெஸ்ஸாகப் பார்த்துவை, ஃபுல் மீல்ஸுக்குப் போகாதே, நீ தின்கிற தீனிக்கு அதில் பாதி இலையிலேயே கிடக்கும். கூட ஒரு அவித்த முட்டை வாங்கிக்கொள், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாயங்காலம் டீயும் பன்னும் பசியை ஏய்க்கிற வேலை, அந்தக் காசுக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் வரும். நம்ம மட்டிப்பழத்தை அங்கே தேடாதே, கிடைத்தாலும் விலையைக் கேட்டதும் பசி போய்விடும். அறையில் அடுப்பு கூடாது, வெந்நீர்க் கெட்டில் மட்டும்தான் என்றாயே, அது போதும். சம்பா அவல் இரண்டு கிலோ அனுப்புகிறேன், வெந்நீர் தெளித்து ஊறவிட்டுக் கருப்பட்டியை நுணுக்கிப் போட்டால் ராத்திரிச் சாப்பாடு ஆயிற்று. சிறுபயறும் வைத்திருக்கிறேன், ஊறப்போட்டுத் துணியில் கட்டிவை, முளை விட்டதும் எலுமிச்சை பிழிந்து தின்னு. அப்பா தன் பங்குக்குத் தாணம்மாள் கடையில் கொறிக்க ஏத்தங்காய் வத்தல் வாங்கி வைத்திருக்கிறார், அதைக் கோகிலவாணிக்கும் கொடு, அதையே சாப்பாடாக்கிவிடாதே. ஒரு டாக்டரிடம் காட்டி ரத்தமும் பார்த்துவிடு, தள்ளிப் போடாதே.

வீட்டு விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனிக் காற்று இந்த வருஷம் பேய்க்காற்றாக அடிக்கிறது, போன வாரம் குலை தள்ளிய வாழை பதினைந்து சாய்ந்துவிட்டது, மீதிக்கு அப்பா முட்டுக் கொடுத்துக்கொண்டு வயலிலேயே கிடக்கிறார். நீ விழுந்த விஷயத்தை அவரிடம் தலைசுற்றல் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கோகிலவாணி சொன்ன இன்னொன்றும் இருக்கிறது, எழுதவா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். மாதிரித் தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டணுமாம், அதைச் சேர்க்கத்தான் காலைச் சாப்பாட்டை விட்டாயாம். வீட்டில கேட்டா என்னவாம் அவளுக்கு என்று கோகிலவாணியிடம் கத்தினேன், அவள் பாவம் என்ன செய்வாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ரயில் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவுதான் நம்மால முடியும், இதுக்கு மேல கேட்டுராத மக்கா என்று சொன்னது நான்தான். அன்றைக்குக் குலைக்கு விலை இல்லாமல் போன எரிச்சலை உன் தலையில் இறக்கிவிட்டேன். நீ சொன்னபடி கேட்கிற பிள்ளை என்பது எனக்கல்லவா நினைவிருந்திருக்க வேண்டும். இவ்வளவு நேரம் உன்னை ஏசி எழுதினேன், அதில் பாதி என்னை ஏசியதாக வைத்துக்கொள். பரீட்சை போனால் அடுத்த வருஷம் எழுதலாம். எது வேண்டுமென்றாலும் வாய்விட்டுக் கேள் மக்கா. இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் அதை நான் சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பதிலாக நீயே இல்லை என்று சொல்லிக்கொண்டு பட்டினி கிடக்காதே.

அய்யா உனக்குத் துணை நிற்பார், நல்ல புத்தியும் நல்ல உடம்பும் தருவார். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. பையில் மேலாக வாழையிலையில் புளிச்சோறு கட்டி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை காலையில் அதை விடுதி வாசலில் நின்றாவது ராஜையன் அண்ணன் கண் முன்னால் சாப்பிடு. நீ கை கழுவினதைப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை ஏசவும் உரிமையுள்ள அம்மா
சு. ஞானம்