மூன்று நாளுக்கு மூன்று பை

சகாய்மினாதோ, ஜப்பான்,
செப்டம்பர் 14, ஞாயிறு காலை

அன்புள்ள நாஹோவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், அப்பாவின் இடது முட்டியைத் தவிர, அது வழக்கம்போல மழைக்கு முதல்நாளே முனக ஆரம்பித்துவிடுகிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. போன வாரம்தானே பேசினோம், இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் தங்கை மிஹாரு பிடுங்கிக்கொள்கிறாள், அவள் பேசி முடிக்கும்போது உனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிடுகிறது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்க்க ஓடிவிடுகிறாய். அதுவும் போக, இதைப் போனில் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

கிறைஸ்ட்சர்ச்சில் குளிர் விட்டுவிட்டதா? இங்கே காலையில் லேசாகக் காற்று மாறியிருக்கிறது. முதல் தேதியே நண்டுப் படகுகள் கிளம்பிவிட்டன, அப்பா ஒரு வாரம் கடலில், இரண்டு நாள் வீட்டில் என்று எஞ்சினோடு குடித்தனம் நடத்துகிறார். நான் நண்டு அவிக்கும் கொட்டகையில் அதே மூன்றாவது மேசை. மிஹாரு என் கையை மோந்து பார்த்துவிட்டு, அம்மா வர்றதுக்கு முன்னாடி அம்மாவோட வாசனை வந்துடுது என்று கேலி செய்கிறாள். பக்கத்து வீட்டுப் பெர்சிமன் பழமரம் இந்த வருஷம் கிளை முறிகிற அளவுக்குக் காய்த்திருக்கிறது, ஏறத்தான் ஆள் இல்லை. மிஹாரு கீழே நின்று வாயால்தான் பறிப்பாள். உன் அறையில் முக்கால்வாசி அவள் பிடித்துக்கொண்டாலும் மேசையின் கீழ் இழுப்பறையை மட்டும் தொடுவதில்லை, அது அக்காவுது என்கிறாள். நீ இல்லாமல் நான்கு புத்தாண்டு போய்விட்டது நாஹோ. ஒவ்வொரு வருஷமும் சிவப்புப் பயற்றுச் சூப்பில் மோச்சி அரிசி உருண்டை போடும்போது உன் கணக்கையும் சேர்த்துப் போட்டுவிடுகிறேன், பிறகு அப்பாதான் ஏப்பம் விட்டுக்கொண்டு இரண்டு பங்கையும் தின்று தீர்க்கிறார்.

சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மிஹாரு ஐந்தாம் வகுப்பு அல்லவா, வருகிற வியாழக்கிழமை பள்ளியிலிருந்து தாய்சென் மலைக்குக் கூட்டிப் போகிறார்கள், இரண்டு ராத்திரி தங்கல், நீ போன அதே முகாம் வீடுதான். ஒரு வாரமாகக் கூடம் முழுக்கத் துணி. பிள்ளைகளே படம் வரைந்து தைத்த பயணக் கையேட்டில் பட்டியல் இருக்கிறது, சாக்ஸ் நான்கு ஜோடி, நீளக்கைச் சட்டை, மழைச் சட்டையும் பேன்டும் தனித்தனியாக, மார்பில் பெயர்த்துணி தைத்த விளையாட்டு உடை, வெள்ளைப் பருத்திக் கையுறை, எல்லாவற்றிலும் பெயர், ஒவ்வொரு சாக்ஸிலும் பெயர். ஒரு நாளைக்கு ஒரு பிளாஸ்டிக் பை, அதன்மேல் முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று தடிப் பேனாவால் எழுதவேண்டும். பிள்ளையே அடுக்கவேண்டும் என்றுதான் பள்ளியில் சொல்கிறார்கள், எனக்குத்தான் கை சும்மா இருக்காது. அவள் சுருட்டி வைத்ததை நான் பிரித்து மடிப்பேன், நான் மடித்ததை அவள் பிரித்துச் சுருட்டுவாள். கூடுதலாக ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்தேன், நான் போறது மலைக்கும்மா, நிலாவுக்கு இல்லை என்று எடுத்து வெளியே போட்டாள். உன் வாய் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், ஆனால் நீ அந்த வயதில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

போன புதன்கிழமை இந்தப் பயணத்துக்காகப் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். அடாச்சி டீச்சரை உனக்கு நினைவிருக்கும், உன் ஐந்தாம் வகுப்பு டீச்சர், இந்த வருஷம் மிஹாருவுக்கும் அவர்தான், முடியெல்லாம் நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே. கூட்டத்தில் சின்ன வயது அம்மா ஒருத்தி சாக்ஸில் பெயர் எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்றாள். உடனே எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. என் பெரியவளுக்கு நான் கையுறையின் உள்பக்கம்கூடப் பெயர் எழுதினேன், ஒரு பொருள் விட்டுப்போகவில்லை, ஒரு பொருள் தொலையவில்லை என்று எல்லார் முன்னாலும் பெருமை அடித்துக்கொண்டேன். சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. எல்லாரும் செருப்பு மாட்டும் இடத்துக்குப் போன பிறகு என்னை நிறுத்தி, இந்தத் தடவை கடிதத்தை மறந்துவிடாதீர்கள் என்றார். இந்தத் தடவையா என்று கேட்டேன்.

அப்போதுதான் எல்லாம் சொன்னார். இந்தப் பயணத்துக்குப் பெற்றோர் பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, டீச்சரிடம் கொடுத்துவிட வேண்டும். மலையேறி இறங்கி, குளித்து முடித்த மாலையில் அங்கே வைத்துப் பிள்ளைகளின் கையில் கொடுப்பார்கள். நீ போன வருஷமும் அதற்கான அறிவிப்பு பெற்றோர் மட்டும் பிரிக்கவும் என்று எழுதிய உறையில் வந்திருக்கிறது. நீ பிரிக்காமல் கொண்டுவந்து என்னிடம் கொடுத்திருப்பாய். நண்டு சீசன் தொடங்கிய வாரம், பள்ளிக் காகிதங்களோடு எங்கேயோ செருகியிருப்பேன், இன்று வரை அதைப் பிரித்ததாக எனக்கு நினைவு இல்லை. கிளம்புவதற்கு முதல்நாள் ஒரு கடிதம் குறைகிறதென்று டீச்சர் வீட்டுக்குப் போன் செய்தாராம், யாரும் எடுக்கவில்லை. பாவம், அவரே என் பேரில் ஒன்று எழுதி எடுத்துப் போயிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் படித்துவிட்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கும்போது நீ அதை மடித்துக் கொண்டுபோய் அவரிடமே திருப்பிக் கொடுத்தாயாம். நீ சொன்னதை அவர் பதினைந்து வருஷமாக மறக்கவில்லை, எனக்கு அப்படியே சொன்னார்.

"எங்கம்மா இவ்ளோ பாசமா எல்லாம் எழுத மாட்டாங்க டீச்சர். அவங்களுக்கு இப்ப நண்டு வேலை. நான் கண்டுபிடிச்சேன்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, வருத்தப்படுவாங்க."

அதன் பிறகு நீ அறை மூலைக்குப் போய் உன் பையைத் திறந்தாய் என்றார். மூன்று நாளுக்கான மூன்று பையையும் பிரித்து, ஒவ்வொரு சட்டையாக உதறி, சாக்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்தாயாம். டீச்சர் பக்கத்தில் வந்து என்னம்மா தேடுகிறாய் என்று கேட்டதற்கு, துணி எல்லாம் அம்மாதான் எடுத்து வைத்தார்கள், ஏதாவது எழுதி வைத்திருந்தால் இதற்குள்தான் இருக்கும் என்றாயாம்.

நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. சைக்கிளைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறேன், மறுநாள் காலைதான் அது உறைத்தது. ஏனென்றால் நாஹோ, நீ திரும்பி வந்த அன்று உன் பையைத் திறந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போட்ட துணியும் போடாத துணியும் ஒன்றாகக் கசங்கி, மூன்று பையும் வாய் பிளந்து கிடந்தன. நான் உன்னைத் திட்டினேன். விடிகாலையில் எழுந்து மடித்து வைத்தால் நாய் குதறியது மாதிரி கொண்டுவந்திருக்கிறாய், இனிமேல் உனக்கு நான் எதுவும் எடுத்து வைக்கப் போவதில்லை என்று சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, மன்னிச்சிடும்மா என்றாய். மன்னிப்பு நீ கேட்டாய். அதற்குப் பிறகு உன் பெட்டியை நீயே கட்டிக்கொண்டாய், ஆறாம் வகுப்புப் பயணத்துக்கும், ஒசாகாவுக்குப் படிக்கப் போனபோதும், நியூசிலாந்துக்குப் போனபோதும். என் பெரியவளுக்கு எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விமானத்தில் போன அந்தப் பெரிய பெட்டியில் நான் மடித்து வைத்தது ஒரு கைக்குட்டைகூட இல்லை.

மிஹாருவுக்கான கடிதத்தை முந்தாநாள் எழுதி முடித்து டீச்சர் கையிலேயே கொடுத்துவிட்டேன். நான் நான்கு பக்கம், அப்பா படகு ஏறுவதற்கு முன் ஒரே வரி, அட்டை கடித்தால் இழுக்காதே, உப்புப் போடு என்று. அதைக் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டியதுதான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

அன்றைக்கு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை, தொப்பியைக் கழற்றாதே, நன்றாக மென்று தின் என்றுதான் எழுதியிருப்பேன், டீச்சர் எழுதியது அதைவிட நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் நீ போன பிறகு நடந்தது ஒன்று இருக்கிறது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகையிலிருந்து நழுவி, ரப்பர் பூட்ஸோடு சைக்கிளை மிதித்துக் கடற்கரைக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் தாய்சென் மலை தெரியும் அல்லவா. அன்றைக்கு உச்சி தெரியவில்லை, மேகம் மூடியிருந்தது. அங்கே மழையாக இருக்குமே, மழைச் சட்டையை மேலாக வைத்தோமா அடியில் வைத்தோமா, பிள்ளை தேடுமே என்று நினைத்துக்கொண்டே நின்றேன், மேகம் கலையட்டும் என்று வெகுநேரம் நின்றேன், அது கலையவில்லை. திரும்பி வந்ததும் மேஸ்திரி எல்லார் முன்னாலும் ஏசினார். ஒரு உறையைப் பிரிக்க நேரம் இல்லாதவளுக்கு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரம் இருந்திருக்கிறது. வீடு திரும்பியதும் உன்னிடம் அதைச் சொல்லியிருக்கலாம், துணியைப் பார்த்துத் திட்டினேன். அந்த மூன்று நாளும் நீ இல்லாமல் எனக்கு வீடு பிடிக்கவில்லை, நாஹோ. இப்போதும் பிடிக்கவில்லை. உன்னைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. வேலை, லீவு, டிக்கெட் எல்லாம் எனக்கும் தெரியும், தெரிந்துதான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவும் நானும் தினமும் காலையில் உன் பெயரைச் சொல்லித்தான் கைகூப்புகிறோம், நீ நன்றாக இருப்பாய். மிஹாருவுக்கு இது எதுவும் தெரியாது, அவளிடம் சொல்லவேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே. இதற்குப் பதில் எழுதும்போது, பரவாயில்லைம்மா என்று எழுதாதே. பதினோரு வயதிலிருந்து எனக்காக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், போதும். கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, எத்தனை பக்கம் ஆனாலும் எழுது. உறை வந்த அன்றே பிரித்துப் படிப்பேன்.

உன் அம்மா,
ஷிகெமி