எண்ணூற்று ஐம்பது வாட்

அட்டைப்பெட்டியைத் திறந்ததும் புது பிளாஸ்டிக் வாசம் அறை முழுக்க ஏறிக்கொண்டது. உள்ளே என் கம்ப்யூட்டருக்காக நீ வாங்கச் சொன்ன பவர் சப்ளை, எண்ணூற்று ஐம்பது வாட். கூடவே வந்த வயர் துபாய் வயர். அதன் பிளக் நம் ஊர் சாக்கெட்டில் நுழைய மாட்டேன் என்கிறது. பழைய வயரையே போட்டுக்கொண்டேன். நீ போய் நாற்பது நாள் கழித்து உன் சாமான் என் கைக்கு வருகிறது. உன்னைத் திட்டக்கூட வழியில்லை.

ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் நின்றது நினைவிருக்கிறதா? தலையில் வைத்த எண்ணெய் முகத்தில் வழிய, நீ எனக்குக் கணக்குச் சொன்னாய். நான் ஆசைப்பட்டு வாங்கிய கிராபிக்ஸ் கார்டு மட்டும் முந்நூற்று ஐம்பது வாட் தின்னும், பிராசஸர் இருநூறு. "அதோட நிக்காதுட்டி. கார்டு திடீர்னு எகிறும், கண் சிமிட்டுத நேரந்தான். அதுக்கும் எடம் விட்டு வைக்கணும். எண்ணூத்தம்பதுக்குக் கொறஞ்சி வாங்காத." முன்னால் நின்ற அம்மாள் நம்மைக் கரண்ட் ஆபீஸ்காரர்கள் என்று நினைத்துவிட்டாள். தன் வீட்டு மீட்டர் ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்க ஆரம்பித்தாள்.

எனக்கு ஏது பொறுமை? நீ சொன்னது வர ஒரு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். அவர் கையில் இருந்த அறுநூறு வாட்டை வாங்கி அன்றைக்கே மாட்டிவிட்டேன். பவர் சப்ளையிலா படம் தெரியப்போகிறது என்ற நினைப்பு. உன்னிடம் எண்ணூற்று ஐம்பது என்றே சொல்லி வைத்தேன்.

குத்துக்கல்வலசையில் அடுத்தடுத்த தெருவில் வீடு. ஆளுக்கொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் சேர்ந்து விளையாடுவோம். உனக்கு உடம்பு முடியாமல் போன பிறகும் மதியம் ஒரு மணி நேரம் உட்காராமல் இருக்கமாட்டாய். பாலத்தைக் காக்கிற பூதத்தோடு நாம் மோதுகிற நேரம் பார்த்து அறுநூறு வாட் தாங்காமல் என் கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிடும். "கரண்ட் போச்சுடி" என்று போனில் எழுதுவேன். சாரல் காலம், யார் சந்தேகப்படப் போகிறார்கள்? "சரிட்டி, வரட்டும். நான் இங்கன தான இருக்கேன்" என்று பதில் வரும். எத்தனை தடவை எழுதினேனோ, அத்தனை தடவையும் அதே பதில்தான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, துபாய்க்குத் திரும்பத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறக் கிளம்பியபோது உன் வீட்டுக்காரர் இந்தப் பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றார்.

"ஒங்க வீட்ல அடிக்கடி கரண்ட் போவுதாம்லா தங்கச்சி. இத மாட்டுனா சரியாயிரும்னு வாங்கிட்டு வரச் சொன்னா."

கரண்ட் போனால் பவர் சப்ளை என்ன செய்யும்? அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். கட்டினவரிடம்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"கரண்ட் போகல அண்ணே. நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ரெண்டு தெருவுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர்லா. போனா ரெண்டு வீட்லயும்லா போவும்" என்று சொல்லி அவர் சிரித்தார். நாற்பது நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கார் கிளம்பிவிட்டது. உன்னைப் பற்றிப் பேச எனக்கு இருந்த ஒரே ஆளும் போய்விட்டார்.

நேற்று மூன்று மணி நேரம் தனியாக விளையாடினேன். ஒருமுறைகூட அணையவில்லை. பாலத்துப் பக்கம் மட்டும் போகவில்லை.

அந்தக் கடைசி மதியத்தைப் பற்றி அவரிடமும் நான் சொல்லவில்லை. அன்றைக்கும் அணைந்தது, அன்றைக்கும் கரண்ட் போச்சு என்றே எழுதினேன். அணைந்த கம்ப்யூட்டரை மறுபடி போடுவது இரண்டு நிமிட வேலை. ஆனால் கரண்ட் அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது என்றால் நீ நம்பமாட்டாய் என்று, சுற்றுகிற மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுபடி விளையாட்டுக்குள் வந்து கூப்பிட்டபோது ஹெட்செட்டில் உன் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அசந்து தூங்கிவிட்டிருந்தாய். மறுநாள் உன்னைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

அந்த அரை மணி நேரம் என்னை விடமாட்டேன் என்கிறது. நீ எனக்காகக் காத்திருந்தாய். நான் வீட்டில்தான் இருந்தேன்.