நாற்பத்தேழு பேரும் ஒரு கடைசி எண்ணும்

ஆகஸ்ட் 4, திங்கள்

காணாமல் போனவர்கள் நாற்பத்தேழு பேர். இரண்டு முறை எண்ணினேன். மறுபடி எண்ணினால் குறையும் என்று ஒரு நப்பாசை.

எட்டு வருடங்களுக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரியில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த 286 பெண்கள். ஒவ்வொருவர் கட்டியிலும் எத்தனை சதவீத செல்கள் பெருகிக்கொண்டிருந்தன என்று ஓர் எண் ஃபைலில் இருக்கிறது. அது அதிகமாக இருந்தால் ஆபத்தும் அதிகம் என்பார்கள். அப்படி அதிகமாக இருந்தும் முழுச் சிகிச்சை எடுத்தவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள்? இதுதான் ஆராய்ச்சி. புள்ளிவிவரம் என் தலையில்.

பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆட்கள் கிடைக்கவில்லை என்றால் முடிவை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்கிறார் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ருக்மிணி. இருபத்தெட்டு பேர் வரை விட்டுவிடலாம். மீதிப் பத்தொன்பது பேரை அக்டோபர் பதினைந்துக்குள் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருட வேலை அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் இதே நோயிலிருந்து மீண்டவள்தான், ஏழு வருடம் ஆகிறது. சிகிச்சை சென்னையில்.

"உங்க ஆஸ்பத்திரி பரவால்லடி, தேடித் தேடிக் கேக்குறாங்க. சென்னைல என்னைப் பத்தி ஒரு போன் உண்டா? மறந்துட்டாங்க போல."

நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நானும் நர்ஸ் எலிசபெத் அக்காவும் நாள் முழுக்க போனும் கையுமாக. முப்பது அழைப்பு. பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. மீதியில் பேசியவர்கள் சத்தியமாக அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். ஒருவர், "அடுத்து ஓடிபி கேப்பீங்க, அதானே?" என்று தெலுங்கில் ஆரம்பித்து இந்தியில் திட்டி முடித்தார்.

அக்கா ரெயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நக்கோ ஜலஜா, வேண்டாம். நம்ம ரெண்டு பேர் குரலும் ஃப்ராடு குரல்" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

நேரில் போய்ப் பார்க்கலாம் என்று போவன்பள்ளி. ஒரு பெண்ணின் ஃபைலில் இருந்த கதவு எண்ணில் வெங்காய மண்டி. அதுவும் முப்பது வருட மண்டியாம். பெண் பெயரைச் சொன்னதும் ஆளாளுக்குச் சிரித்தார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் இரண்டு கிலோ கோவைக்காய் வாங்கி வந்தேன். அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சி மிகவும் பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோவைக்காய்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கோவைக்காய்தான்.

ஆகஸ்ட் 20, புதன்

டாக்டர் சென்னையில் படித்தவர். நன்றாகத் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு. இன்று அமைதியாகத் தமிழிலேயே சொன்னார்: "கிடைக்காதவங்க எல்லாரும் இறந்துட்டாங்கன்னு வெச்சு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாரு. மோசமா போனா எவ்வளவு மோசம்னு தெரியணும்ல?"

போட்டேன். செல் எண் அதிகமாக இருந்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு படிக்கட்டில் உருண்ட மாதிரி விழுந்தது. அது வெறும் கோடு, எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு ஒரு டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஒரு பெண்ணிடம் உதட்டைப் பிதுக்குவார். ஆள் கிடைக்கவில்லை என்பதற்காகக் கொன்றுவிடுவதா? எனக்கு அழுகை வந்தது. பாத்ரூமில் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். எலிசபெத் அக்கா டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எதையும் விட்டுவிடக் கூடாது என்று நாற்பத்தேழு ஃபைல்களையும் முதலிலிருந்து படித்தேன். நோயின் அளவில் ஒற்றுமை இல்லை, வயதில் கொஞ்சம் உண்டு. குடும்ப விவரம் எழுதும் இடத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

மகள், 23, திருமணம் ஆகவில்லை. மகள், 25. மகள்கள் இருவர், 21, 24. நாற்பத்தேழில் முப்பத்தெட்டு வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்!

எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிப் புரியாமல் இருக்கும் – நானே செய்ததுதானே.

2018. என் கூடப்பிறந்த அக்கா பூர்ணாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அம்மாவுக்கு இந்த நோய் என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வருமோ என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால்தான் எங்கள் ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிகளை விட்டுவிட்டுச் சிகிச்சைக்குச் சென்னைக்கே போனோம். அங்கே படிவத்தை நிரப்பியது நான். அம்மா போனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்து, அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வீட்டார் ஹாலில் உட்கார்ந்திருந்தால்? ஒன்பது எண்களை ஒழுங்காக எழுதிவிட்டுக் கடைசி எண்ணை மட்டும் மாற்றினேன். நாலுக்கு ஏழு. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

அம்மாவை யாரும் மறக்கவில்லை. நான்தான் தொலைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

டாக்டரிடம் அவ்வளவையும் கொட்டிவிட்டேன். முதலில் தெலுங்கில் திட்டினார். பிறகு சிரித்தார்.

"அப்போ நீ எப்படிப் பொய் சொன்னியோ அப்படியே இவங்களும் சொல்லியிருப்பாங்கன்னு சொல்றே?"

"முழுப் பொய் சொல்லக் கை வராது மேடம். பயத்துல கடைசி எண்ணைத்தான் மாத்துவாங்க."

மேலே பேசி அனுமதி வாங்கித் தந்தார். கறாரான நிபந்தனை: ஆஸ்பத்திரி பெயர், நோயின் பெயர் வாயில் வரக் கூடாது. அந்த அம்மாளே பேசினால் மட்டும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். புடவைக் கடை குலுக்கல் பரிசு என்று சொல்லிக் கூப்பிடலாம் என்ற எலிசபெத் அக்காவின் யோசனை நிராகரிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஒரு பெண்ணுக்கு ஒன்பது எண்கள். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை, எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு. ஒரே ஆட்டுக்கறிக் கடைக்காரரை இரண்டு வேறு பெண்களுக்காகக் கூப்பிட்டுவிட்டோம். பக்கத்துப் பக்கத்து எண்கள் போல. "மறுபடியும் நீங்களா மேடம், ஞாயித்துக்கிழமைக்கு எத்தனை கிலோ?" என்கிறார்.

மூன்று மணிக்கு அபயாம்பாள் என்பவருக்காக ஆறாவது எண். ஒரு பெண் எடுத்தார். "அபயாம்பாள் அம்மாங்களா? நான் ஜலஜா..." என்றேன். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டார். ராங் நம்பர்காரருக்கு எதற்கு அவ்வளவு பதற்றம்?

நாலு மணிக்கு அதே எண்ணிலிருந்து போன். பின்னால் ஒரே காற்றுச் சத்தம்.

"மொட்டை மாடிலேந்து பேசறேன். கீழ சம்பந்தி இருக்காங்க. நீங்க ஆஸ்பத்திரிதானே? எனக்கு அப்பவே தெரியும், என்னிக்காவது பிடிச்சுடுவீங்கன்னு."

நானும் அக்காவும் நாற்காலியை விட்டுக் குதித்தோம். அவருடைய ஃபைலில் அந்தச் செல் எண் எழுபது. எழுபது சதவீதம்! அந்த அம்மாள் மொட்டை மாடி ஏறி வந்து மூச்சு வாங்காமல் பேசுகிறார்.

செப்டம்பர் 6, சனி

அபயாம்பாள் தன் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், லாலாகுடாவில் எலிசபெத் அக்கா வீட்டில் சந்திப்பு. வயது அறுபத்தொன்று. கணவர் ரெயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் மாயவரம். கையில் ஒரு டப்பா அதிரசம்.

"மருந்து ஏத்தினதுல தலமுடி பூரா கொட்டிப்போச்சா... திருப்பதில மொட்டை போட்டுக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். ஒருத்தர் சந்தேகப்படல. ஆனா பாரு, ஆறு மாசத்துல மூணு மொட்டைன்னா என்ன வேண்டுதல்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க."

நான் சிரித்த சிரிப்பில் அதிரசம் புரையேறிவிட்டது. எங்கள் வீட்டிலும் அதே திருப்பதிதான். உடம்பு தேறியதும், பெருமாள் பெயரில் பொய் சொல்லிவிட்டோமே என்று அம்மா நிஜமாகவே போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அப்போதுதான் முடி மூன்று அங்குலம் வளர்ந்திருந்தது.

"உங்க சம்பந்திக்கு இன்னும் தெரியாதா?"

"என் பொண்ணு தேஜஸ்வினி கல்யாணத்துக்கு விக்கு வெச்சுக்கிட்டு நின்னேன். போன வருஷம் அந்தம்மா என்கிட்ட மெதுவா கேக்கறாங்க, 'அன்னிக்கு வெச்சிருந்தீங்களே, அது எங்க வாங்கினது?'ன்னு. அப்பவே தெரிஞ்சிருக்கு! ஒரு வார்த்தை கேக்கலியே. ஆனா நாங்க ரெண்டு பேரும் இன்னும் அதைப் பத்திப் பேசிக்கல. அதுவாட்டுக்கு இருக்கட்டும்."

கிளம்பும்போதுதான் அந்த அம்மாள் என் வாழ்நாளின் பெரிய பரிசைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒரே அறையில் மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறதாம். பெயர்: ஏழுமலை யாத்திரைக் குழு! யார் போனை எடுத்துப் பார்த்தாலும் பக்தி என்று விட்டுவிடுவார்களாம். அவரைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர்.

"அவங்க சம்மதிச்சா நம்பர் தரேன். ஒருத்தி மூணு வருஷம் முன்னாடி போயிட்டா. அவ வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டுட்டு, அவ பேரையும் எழுதிக்கோ. அவளும் எங்க ஆளுதான்."

செப்டம்பர் 10, புதன்

பதினோரு வீட்டிலும் சரி என்று சொல்லிவிட்டார்கள். பதினொருவருமே எங்கள் நாற்பத்தேழில் இருப்பவர்கள். ஒருவர் மட்டும், பேட்டி டிவியில் வருமா என்று கேட்டார்.

செப்டம்பர் 17, புதன்

கடைசி எண்ணை மாற்றி மாற்றிக் கூப்பிட்டதில் அபயாம்பாளையும் சேர்த்து இதுவரை ஒன்பது பேர். இன்று கிடைத்த அந்த ஒன்பதாவது பெண்ணின் எண்ணில் பேசியவர் கணவர். மனைவியின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் இறந்து நாலு வருடம் ஆகிறதாம். மன்னித்துவிடுங்கள் என்றேன். "பர்வாலேதம்மா" என்றார். "அவள் பெயரைச் சொல்லி யாராவது கேட்டு ரொம்ப நாளாயிற்று" என்று தெலுங்கில் சொன்னார். விவரமெல்லாம் அவராகவே சொன்னார். தேதி, எந்த ஆஸ்பத்திரி, கடைசியில் என்ன சாப்பிட ஆசைப்பட்டாள் என்பதுவரை. படிவத்தில் இடமில்லாததால் அதை இங்கே எழுதுகிறேன்: சீதாப்பழம்.

உயிரோடு இருப்பவர்களை மட்டும் தேடிப் பிடித்தால் கணக்கு பொய்யாகிவிடும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்று எனக்கு அது வேறு மாதிரிப் புரிந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

இருபத்தொரு பேர். பாக்கி இருபத்தாறுதான். தாண்டிவிட்டோம்! கிடைத்தவர்களில் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். இருவர் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பதுகம்மா பூப் பண்டிகை. எலிசபெத் அக்கா பூத்தட்டைச் சுற்றி ஆடிய ஆட்டத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு நின்ற டாக்டரும் உள்ளே இழுக்கப்பட்டார். நானும் தப்பவில்லை.

அக்டோபர் 15, புதன்

முடிவை அனுப்பியாகிவிட்டது. எண் அதிகமாக இருந்தவர்களின் கோடு மற்றவர்களுடையதைவிடக் கீழேதான் இருக்கிறது. அதை மறைக்க முடியாது. ஆனால் ஆகஸ்டில் பார்த்த அந்த உருண்டு விழுந்த கோடு இல்லை. முழுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு நாங்கள் பயந்ததைவிட நன்றாகவே இருக்கிறது. "ஒரு ஆஸ்பத்திரி கணக்கு, ரொம்ப ஆடாதே" என்று டாக்டர் எச்சரித்தார். சொல்லும்போது அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

போகிற போக்கில் கேட்டார்: "உன் அம்மா ஃபைல் என்னாச்சு?"

அக்டோபர் 18, சனி

மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அம்மாவிடம் இன்று சொன்னேன். நாலுக்குப் பதில் ஏழு. நான்தான். ஏழு வருடமாக.

அம்மா அடுப்பை அணைத்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப அவங்க கூப்பிட்டிருப்பாங்களா?"

"கூப்பிட்டுட்டே இருந்திருப்பாங்கம்மா."

"நான் பாட்டுக்கு அவங்களைக் கரிச்சுக் கொட்டிட்டிருந்தேனே..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. மாவுக் கையோடு. வலித்தது, நிம்மதியாகவும் இருந்தது.

பூர்ணாவிடம் பேசினோம். மாமியாரிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். "ஆறு வருஷம் ஆச்சும்மா, இனிமே என்னைத் திருப்பியா அனுப்புவாங்க?"

அக்டோபர் 22, புதன்

தீபாவளி பலகாரத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போன் போட்டோம். மூன்று இடத்துக்கு மாற்றிவிட்ட பிறகு ஒரு பெண் குரல். சின்ன வயது, களைத்த குரல், பின்னால் விசைப்பலகைச் சத்தம். எனக்கு அந்தக் களைப்பு நன்றாகத் தெரியும்.

"ஃபைல் நம்பர் சொல்றேன்மா. பேர் காஞ்சனா. 2018-ல ஆபரேஷன்."

தட்டும் சத்தம். நின்றது.

"மேடம்... இவங்களை நாங்க... கிடைக்கலைன்னு போட்டு வெச்சிருக்கோம். நீங்க அவங்க பொண்ணா? அவங்க..." கேள்வியை எப்படி முடிப்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கும் எத்தனையோ முறை தெரிந்ததில்லை.

போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

"நான்தாம்மா காஞ்சனா பேசறேன். நல்லா இருக்கேன். நீ சாப்ட்டியா?"

அந்தப் பக்கம் ஒரு சின்னக் கூச்சல். யாரையோ கூப்பிட்டுச் சொல்லும் சத்தம். அம்மா காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகத் தன் போன் நம்பரைச் சொன்னாள். கடைசி எண்ணை மட்டும் இரண்டு முறை.