இன்வர்ட்டருக்குப் போட்ட மாலை

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்வர்ட்டர் வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது பின்பக்கத்து விசிறியை. இவர் பார்த்தது நிறத்தை. ஆரஞ்சு நிறமாம், வேனுக்கு ஒத்துப்போகாதாம்!

பாமாயில் எடுக்கிற செம்பனைக் குலை லோரி ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா இருப்பாரா? கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேனை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கட்டில், அலமாரி, சின்ன அடுப்படி எல்லாம் அவரே அடித்துவிட்டார். அதில் படுத்துத் தூங்கி நாடு சுற்ற வேண்டுமாம். ஆனால் மூச்சு மெஷின் இல்லாமல் இவரால் தூங்க முடியாது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. அந்த மெஷின் வந்ததிலிருந்து வீட்டைவிட்டு வேறெங்கும் படுத்ததில்லை, மகள் நளினி வீட்டில்கூட. வேனில் மெஷின் ஓட வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து வீட்டுக் கரண்டை இன்வர்ட்டர்தான் எடுத்துத் தர வேண்டும்.

"நானே போடுறேன்" என்றேன்.

"நீயா?" என்றார்.

ஒரே சொல். சுங்கைப் பட்டாணி கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் பவர் சப்ளை டெஸ்ட் பண்ணியவளைப் பார்த்து, நீயா!

ஆகஸ்ட் 30, சனி

காலையில் கோபம் தணிந்த பிறகு கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"சுங்கை லாலாங்ல ஒரு லோரி எரிஞ்சத நான் கண்ணால பாத்தேன் உமா. ஒரே ஒரு வயரு. டிரைவர் குதிச்சான், தப்பிச்சான். நான் மூஞ்சில மாஸ்க்க மாட்டிக்கிட்டு எப்படி குதிக்கிறது?"

பயம் நியாயமானதுதான். ஆனால் என் வேலையைப் பார்த்தா பயப்பட வேண்டும்?

செப்டம்பர் 6, சனி

இடம் பார்ப்பதிலேயே சண்டை. கட்டிலுக்கு அடியில், அடுப்புக்கான கேஸ் தோம்புக்குப் பக்கத்தில் இடம் சும்மா கிடக்கிறதாம், அங்கே தள்ளிவிடலாமாம். தலையில் அடித்துக்கொண்டேன். கேஸ் கசிந்து ஒரு பொறி பட்டால் போதும். இன்வர்ட்டர் வேலை செய்தால் சூடாகும். போர்வை, தலையணை எதுவும் கிட்டே இருக்கக்கூடாது, விசிறிக்கு முன்னும் பின்னும் காற்றோட்டம் வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும், வயர் நீளம் கூடினால் அதுவும் வம்பு.

கடைசியில் கதவுக்குப் பக்கத்து அலமாரியைக் காலி பண்ணினோம். அதில்தான் மீன் தூண்டில் வைப்பதாக இருந்தாராம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அலமாரிக் கதவில் வரிசையாகத் துளை போட்டார்.

"காத்து காத்து காத்து. இந்த வீட்டுல வேற பேச்சே இல்ல" என்றார்.

துளை மட்டும் அழகாக இருக்கிறது. அதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பக்கத்து வீட்டு நடராஜா அண்ணன் வேலியோரம் நின்று கேட்கிறார்: "வேன் வயரிங் சுங்கைப் பட்டாணியில ஒரு கடையில குடுத்திருக்கீங்களாமே? எந்த கடைம்மா?"

கோப்பிக் கடையில் இவர் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார். கடையாம்! பொண்டாட்டி செய்கிறாள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. கேட்டால், "எல்லாம் சிரிப்பானுங்க லா" என்கிறார். சிரிக்கட்டுமே! சிரிக்கிறவன் வீட்டு பியூஸை மாற்றச் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

குழம்பு வைக்கவில்லை. கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பொது விடுமுறை. தம்பி பரஞ்சோதி பீடோங்கிலிருந்து வந்தான், கேபிள் முனையை அழுத்துகிற கருவியோடு. கார் ரேடியோ மாட்டுவது அவன் தொழில். கை நல்ல கை, அவசரம்தான் கூடாது.

முதலில் பேட்டரியைத் தனியாகக் கழற்றி வைத்தேன். கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள். கேபிள் முனையில், போல்ட்டில் மாட்டுகிற செம்புக் காதை வைத்து அவன் அழுத்தினான். நான் என் பலம் முழுக்கப் போட்டு இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது காது கழன்று கையோடு வந்துவிட்டது.

"வெட்டிட்டு மறுபடி அடி."

"அக்கா, ரேடியோவுக்கெல்லாம் இவ்வளவு யாரும் பாக்க மாட்டாங்க லா."

"ரேடியோ நின்னா பாட்டு நிக்கும். இது உன் மாமா மூச்சுடா."

முனையை வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினான். பேட்டரியிலிருந்து கேபிள் கிளம்புகிற இடத்திலேயே பெரிய பியூஸ். தகரத்தைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் வளையம், இல்லாவிட்டால் வேன் ஆட ஆட வயரின் தோல் உரிந்துவிடும். எர்த் வயருக்கு அடிச்சட்டத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, பளபளக்கிற இரும்பில் போல்ட். கரண்டு வெளியே வருகிற பக்கம், கசிவு வந்தால் தானே துண்டிக்கிற டிரிப் சுவிட்ச்.

சாயங்காலம் சுவிட்சைப் போட்டேன். விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது, விளக்கு எரிந்தது. டிரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கினேன், டக்கென்று விழுந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. பரஞ்சோதி தட்டினான். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

உடன்படிக்கை ஆகிவிட்டது. "ஆயுத பூசை அன்னிக்கு மத்தியானம் வேன்ல படுத்துப் பாக்குறேன். நல்லா இருந்தா கோலா மூடா ஆத்தங்கரைக்குப் போயி தங்குவோம். கோளாறு பண்ணுச்சுன்னா கடைக்குத்தான் கொண்டுபோவேன், சண்ட புடிக்கக்கூடாது."

சரி என்றேன். படுக்கட்டும்!

அக்டோபர் 1, புதன். ஆயுத பூசை

எங்கே தொடங்குவது?

காலையில் வேனைக் கழுவி, டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்து, ஸ்டீயரிங்குக்குச் சந்தனம், குங்குமம். என் மீட்டர், ஸ்குரூ டிரைவர், தம்பியின் கருவி எல்லாவற்றுக்கும் பொட்டு. இன்வர்ட்டருக்கு மட்டும் பொட்டு போதுமா? நான் போட்டதல்லவா! சுங்கைப் பட்டாணியிலிருந்து வாங்கி வந்த சாமந்தி மாலையை இரண்டு மடிப்பாக அதற்குச் சாத்தி, படம் எடுத்து நளினிக்கு அனுப்பிவிட்டு, அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

மத்தியானம் இவர் மாஸ்க்கை மாட்டிப் படுத்தார். வெறும் மூச்சு மெஷின் ஓடினால் போதும்தான். எனக்குத்தான் பவுசு. அடுப்படியில் ரைஸ் குக்கரையும் மாட்டி சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசியைப் போட்டுவிட்டு, வெளியே நாற்காலியில், பூசைக்கு வந்திருந்த தம்பியோடு உட்கார்ந்தேன். மெஷின் சத்தம் சீராகக் கேட்டது.

பிறகு ஒரு நீளமான கீச்சு. அதோடு எல்லாம் அடங்கிவிட்டது.

ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று எங்கே போனது என்று தெரியவில்லை. இவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். "என்னா ஆச்சு?" என்றார், முகமெல்லாம் வெளுத்து. புகை இல்லை. தீய்ந்த வாடை இல்லை. அலமாரியைத் திறந்தேன்.

மாலை! இதழெல்லாம் காற்றுத் துளையில் அப்பிக்கிடக்கிறது. நார் விசிறியில் சுற்றி, விசிறி அசையாமல் நிற்கிறது. ஐயோ உமாராணி, உன் புத்தி எங்கே போச்சு!

"அக்கா, காத்து…" என்று பரஞ்சோதி இழுத்தான்.

"வாய மூடு."

இவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. மெதுவாக மண்டி போட்டு, பேட்டரியிலிருந்து வருகிற கேபிளைக் கையால் பிடித்தார். பியூஸ் வரைக்கும், அங்கிருந்து இன்வர்ட்டர் வரைக்கும், மாட்டைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டே போனார்.

"சூடே இல்லையே."

"வயரு சூடாகாது. அதுக்குத் தக்க தடிமன்தான் போட்டிருக்கேன். விசிறி நின்னதும் பொட்டிதான் சூடாயிருச்சு. சூடானா தானா நின்னுக்கும், நெருப்பு வர வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது. அத பாத்துத்தான் வாங்குனேன். நான்தான், நான்தான் பூவ…" விசிறியில் சுற்றிய நாரைக் காட்டினேன்.

கேபிளிலிருந்து கையை எடுக்காமலே இருந்தார். பிறகு எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கையில் எடுத்தார்.

"பூவ எடுத்துட்டு சுவிட்ச போடு. நான் இன்னும் தூங்கி முடிக்கல."

பேட்டரியைத் துண்டித்து, நாரைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஆறவிட்டு, சுவிட்சைப் போட்டேன். தேநீர் நேரம் தாண்டியும் தூங்கினார். பொங்கலை வீட்டு அடுப்பில் முடித்தேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

மாலை போட்ட முட்டாளும் நான்தான். மாலை போட்டும் வேனையும் இவரையும் காப்பாற்றிய கெட்டிக்காரியும் நான்தான். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

மிஞ்சிய மாலையை வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே இவரே சாத்தியிருக்கிறார். "அங்க காத்து வேணாம்ல?" என்று கேட்கிறார், குசும்பு.

அக்டோபர் 12, ஞாயிறு. கோத்தா கோலா மூடா

நேற்று சாயங்காலம் வந்து ஆற்று முகத்துவாரத்தைப் பார்க்க வேனை நிறுத்தினோம். இவர் அசந்து தூங்கினார். நான்தான் அரைகுறை. மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடப்பதும் சுகமாகத்தான் இருந்தது.

காலையில் எனக்கு முன்னால் எழுந்து பால் இல்லாத தே ஓ கலக்கி வைத்திருந்தார். பக்கத்தில் இன்னொரு வேன், மலாய்க்காரத் தம்பதி. அந்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, வயரிங் சுத்தமாக இருக்கிறதே, எந்தக் கடையில் செய்தீர்கள் என்று மலாயில் கேட்டார். நான் உள்ளே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கையை நிறுத்திவிட்டேன்.

"கெடாய் தாக் டாக். ஓராங் ரூமா சாயா புவாட்" என்றார் இவர். கடையெல்லாம் இல்லை, என் வீட்டுக்காரி செய்தது. குரலைத் தாழ்த்தாமல், படகுத் துறையில் வலை பிரிக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. அதோடு விட்டாரா? அலமாரியைத் திறந்து பியூஸ் ஏன் அங்கே, துளை ஏன் இங்கே, காற்று எப்படிப் போக வேண்டும் என்று ஒரு பாடமே நடத்தினார். எல்லாம் நான் சொன்னது. ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

பிறகு அந்த வேனுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார், பார்த்த வேகத்தில் திரும்பி வந்தார்.

"உமா, வா வா. பாவம், இன்வர்ட்டர போர்வைக்கு அடியில வச்சிருக்காங்க. உன்ன பாக்க சொல்றாங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். என் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.