நாலாம் பாரம்

உத்திரமேரூர்,
ஜூன் 1958

செங்கேணியின் நைனா அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் கடுதாசி வந்து ரொம்ப நாளாயிற்று. வேலை அதிகமாக இருக்கும்.

செங்கேணி பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம் போய்விட்டாள். இனிமேல் கணக்குப் பிரிவோ டைப் பிரிவோ, ஒன்றை எடுத்தாக வேண்டுமாம். "அப்பாவைக் கூட்டிக்கினு வா, அவரைக் கேட்டுத்தான் போடணும்" என்றாராம் வாத்தியார். "நைனா இல்ல சார்" என்றிருக்கிறாள். ஊரில் இல்லை என்றுதான் சொன்னாள். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு என்னை வரச் சொல்லிவிட்டார்.

"நைனா செத்துட்டார்னு நெனச்சிக்கினாரும்மா, இன்னா சொல்றது?" என்று கேட்டாள்.

உங்கள் சம்மதத்துக்குக் காத்திருந்தால் வருஷம் ஓடிவிடும். அதனால் பொட்டை அழித்து, தாலியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். "ஆம்பள இல்லாத வூடு. டைப்பு கத்துக்கினா சீக்கிரம் வேலை கெடைக்கும்மா" என்றார் வாத்தியார். சரியென்றேன். சேர்த்துவிட்டார்.

நீங்கள் வந்தால் பள்ளிக்கூடத் தெரு வழியாக வரவேண்டாம்.

இதை எழுதும்போதுதான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபிறகு பொட்டை மறுபடி வைக்கவே இல்லை. இத்தனை நாளாக அது நினைவுக்கும் வரவில்லை.

இப்படிக்கு,
செங்கேணியின் அம்மா