கோவாலாவும் தேரையும்

12.11.2003, மண்கும்பான்

மழை விடவில்லை. இவர் இன்றும் கடலுக்குப் போகவில்லை. மெல்பேர்னிலிருந்து வந்திருக்கும் இவரின் அக்கா கத்தரீனா, எங்கள் கடைசிப் பிள்ளை பிரேமினிக்குப் படப் புத்தகம் காட்டிக்கொண்டிருந்தார். மரத்தில் வாழும் கோவாலா. குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்த்து, பிறகு முதுகில் காவித் திரியுமாம். அங்கே வந்தால் தொட்டும் பார்க்கலாம் என்றார். நாலு வயதுப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

கத்தரீனா மச்சாளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு மூன்று. கடைசியைத் தருகிறோம் என்று சொல்லிவிட்டோம்.

15.11.2003

கிணற்றடித் தொட்டிக்கு மேலே தேரை நுரை கட்டி முட்டையிட்டிருக்கிறது. பெருவிரல் அளவுத் தேரை. பிரேமினி தாயைத் தேடினாள். அது போய்விட்டது, குஞ்சுகள் தாமாகவே தண்ணீரில் விழுந்து பிழைத்துக்கொள்ளும் என்றேன்.

“கோவாலா விட்டிட்டுப் போகாது, என்னம்மா?”

குசினிக்குள் போய், நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதினேன்.

20.11.2003

மச்சாளின் சொந்தப் பிள்ளை என்றுதான் கடதாசி முடித்திருக்கிறது. கொழும்பில் விசாவுக்குப் போனால் பிள்ளையிடமே தாய் யார் என்று கேட்பார்களாம். அதனால் இன்று முழுக்கப் பழக்கினேன். மச்சாளை அம்மா என்றும் என்னை மாமி என்றும் சொல்லவேண்டும். விளையாட்டு என்று சொன்னேன். சரியாகச் சொன்னால் தின்ன ஒரு ரொபி. பிழையாச் சொன்னதுக்கு ஒருக்கா அடிச்சும் போட்டன். என்ர கையாலை.

தேரை முட்டையை விட்டிட்டுத்தான் போகுது. நான் உன்ர தாயில்லை எண்டு அடிச்சுச் சொல்லிக் குடுக்கிறேல்லை.

2.12.2003

போய்விட்டாள். கொழும்பு வான் வண்டியில் ஏறும்போது, “விளையாட்டு முடிஞ்சுதோ, மாமி?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

9.9.2006

சண்டை திரும்பத் தொடங்கி, பாதையை மூடிவிட்டார்கள். கடலுக்கும் விடுகிறார்கள் இல்லை. மூத்தவன் டெனிஸ்ரன் வெளியே போனால் வரும்வரை எனக்கு உயிரில்லை. கடைசிப் பிள்ளையாவது தப்பிவிட்டாள் என்று சனம் ஆறுதல் சொல்கிறது. எனக்கும் ஆறுதல்தான். அப்படி ஆறுதல்படுவதே குற்றமாகக் கிடக்கிறது.

21.6.2009

இவ்வளவு காலமும் பிள்ளை படிக்கிறாள், நித்திரை என்று சொல்லிவந்த மச்சாள், இன்று ரெலிபோனை அவளிடம் கொடுத்தார். தமிழ் தடக்கித் தடக்கி வந்தது.

“மாமி, சண்டை முடிஞ்சுது எண்டு அம்மா சொன்னவா. நீங்கள் சுகமோ?”

நான்தான் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை ஒரு பிழையும் விடவில்லையே. பழக்கினபடிதான் சொல்கிறாள். சுகம் பிள்ளை என்றேன்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இவர், என்ன கதைத்தவள் என்று கேட்டார்.

“அம்மா எண்டு கூப்பிட்டவள்.”

இவர் சிரித்தார். கனகாலத்துக்குப் பிறகு.