ஓடைப் பக்கம் ஒரு எட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் தூறல். சாமைக் காட்டில் களை பாதியோடு நிற்கிறது. அம்மா திட்டு. விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓட்டம்.

போளூர் வழியாகச் சென்னைக் கம்பெனி வேன் ஒன்று எங்கள் மலைக்கு மேலே வந்திருக்கிறது. உள்ளே வி.ஆர். கண்ணாடி. மாட்டினால் எதிரே பெரிய ஸ்டேடியம், ஓடி வந்து பந்தை உதைக்கிற ஆள். கோல்கீப்பர்களுக்கு மட்டும் பயிற்சி. இலவசம்.

இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம்.

கண்ணாடிக்கு மெத்தை வைத்த பெட்டி. எனக்கும் டீமின் இன்னொரு கோல்கீப்பர் ஜெயந்திக்கும் சேர்த்து ஒரே ஜோடி கிளவுஸ்.

எங்களில் ஒருத்திக்குச் சென்னையில் கேம்ப். அங்கே தேறினால் காலேஜ் சீட், ஹாஸ்டல். ஜெயந்தி இன்னும் பிளஸ் டூ, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பிளஸ் டூ முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் இல்லை. என்னை வேலைக்கு அனுப்பத் திருப்பூர் மில் ஏஜெண்ட் அப்பாவிடம் பேசி முடித்துவிட்டான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூடுபனி. கண்ணாடி மாட்டினேன். தலைசுற்றல். பந்தெல்லாம் வலது மூலையில் கோல். ஜெயந்திக்கும் அதே கதி.

கம்பெனி ஆள் கார்த்திக்குக் குஷி. "ரெண்டு பேரும் ஒரே தப்பு. சென்டர்ல நிக்காம லெஃப்ட்ல போய் நிக்கிறீங்க. யாரு சொல்லிக் குடுத்தது?"

யாரும் இல்லை, மைதானம்தான். எங்களுக்கு ஒரு முனையில்தான் மூங்கில் கோல் கம்பம், எதிர்முனையில் செங்கல். பயிற்சி எப்போதும் கம்பத்தடியில். அங்கே நின்றால் இடது பக்கம் ஓடை, தரை அந்தப் பக்கம் சாய்வு. வேறு ஊருக்குப் போனால் கோல் கோட்டு நடுவில் பந்தை வைத்துக் கையை எடுப்போம். உருளுகிற பக்கம் ஒரு எட்டு தள்ளி நிற்போம். கண்ணாடிக்குள் பந்தை வைத்துப் பார்க்க வழியில்லை. கால் பழகின இடத்துக்குப் போய்விட்டது.

ஜெயந்தி கேட்டாள்: "அண்ணா, உங்க கிரவுண்டு எந்தப் பக்கம் சாயும்?"

"அது கம்ப்யூட்டர்மா. எங்கயும் சாயாது."

"சாயாத கிரவுண்டு எங்க கீது?"

நாங்கள் கண்ணைத் திருப்புவதைக்கூட மெஷின் பதிவு செய்கிறதாம். எதற்கு என்றேன். "டேட்டா" என்றான். யாருக்கு என்றேன். தண்ணி குடிக்கப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை விட்டது. தினமும் கண்ணாடி. நடுவில் நிற்கப் பழகிவிட்டேன். ஸ்கோர் ஏறுகிறது. ஜெயந்திக்கு ஏறவில்லை, வாந்தி வருகிறதாம்.

பொய் எழுத வேண்டாம். உதைக்கிறவனின் இடுப்பைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் என்று இப்போது தெரிகிறது. அது கண்ணாடி கொடுத்ததுதான்.

ஆனாலும் வேனுக்குப் பின்னால் கார்த்திக் போனில் பேசியது காதில் விழுந்தது. "சூப்பர் விஷுவல் சார். மலை, பனி, ட்ரைபல் பொண்ணு, கண்ணுல நம்ம ஹெட்செட்."

நான் விஷுவலாம். மழையில் ரோடு அறுந்தபோது ஒருத்தருக்கும் நாங்கள் விஷுவலாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். ஒடுகத்தூர் டீமோடு மாட்ச், எங்கள் மைதானத்தில். கம்பெனி கேமரா கோலுக்குப் பின்னால்.

கண்ணாடியே கதி என்று இருந்ததில் கால் சாய்வை மறந்திருக்கும் என்று பயம். கோட்டில் பந்தை வைக்கக் குனிந்தேன். கேமராக்காரன்: "இன்னாம்மா, பூஜையா?" எல்லாரும் சிரித்தார்கள். வெட்கம். பந்தை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் நின்ற மாதிரியே நடுவில் நின்றேன்.

மூன்று கோல். மூன்றும் ஓடைப் பக்கம். வேகமே இல்லாத, உருண்டு வந்த பந்து.

எங்கள் பி.டி. மாஸ்டர் என்னை வெளியே கூப்பிட்டு ஜெயந்தியை இறக்கினார். அவள் கேமரா முன்னாலேயே பந்தை வைத்துப் பார்த்தாள். ஓடைப் பக்கம் ஒரு எட்டு. அப்புறம் கோலே இல்லை.

சாயங்காலம் கார்த்திக் கேம்புக்கு என் பெயரைச் சொன்னான். ஸ்கோர் எனக்குத்தான் அதிகமாம்.

"இன்னிக்கு மாட்ச்?"

"அது கணக்குல வராதும்மா. எடிட்ல தூக்கிடலாம்."

வேண்டாம் என்றிருக்கலாம். தலையாட்டினேன். மில் கண்முன் நின்றது.

ஜெயந்தி கிளவுஸை என் பையில் திணித்தாள். "போய்ட்டு வாடி. அங்கயும் மரமாட்டம் நின்னு மானத்த வாங்காத."

"உனக்கு?"

"எனக்கு கை கீது."

ஆகஸ்ட் 18, திங்கள். சென்னை

புழுக்கம். கம்பளம் மாதிரிப் புல். அளந்து போட்ட கோடு. வந்திருக்கிற எல்லாருக்கும் சொந்த கிளவுஸ். சீட் ஒன்று.

காலையில் கோட்டு நடுவில் பந்தை வைத்தேன். பின்னால் சிரிப்பு. கோச் மேடம், "என்னம்மா பண்ற? இது இன்டர்நேஷனல் கிரவுண்டு. லெவல் பாத்துப் போட்டது."

"சும்மா பாக்குறேன் மேடம்."

கையை எடுத்தேன். பந்து நின்றது. மேடம் திரும்பி நடந்தார். பிறகு மெதுவாக, யாரோ ஊதின மாதிரி, வலது பக்கம் ஒரு சாண் நகர்ந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு என் முறை. வலது பக்கம் அரை எட்டு தள்ளி நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை.